கிலோமீட்டருக்கு ஒரு வயது

முதல் மாரத்தானை ஓடி முடித்தபோது எடைமேடைக்காரருக்கு வயது நான்கு. காலையில் புறப்படும்போது நாற்பத்தாறு. இடையில் ஓடியது நாற்பத்திரண்டு கிலோமீட்டர். போட்டிக் கமிட்டியின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தொளதொள பனியனோடு நின்ற பையனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பற்கள் இருபது, எல்லாம் பால்பல், போன வருஷம் நான் கடைவாயில் போட்டுவிட்ட மூடியைக் காணோம் என்று பதிவேட்டில் எழுதினார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பதக்கம் கிடையாது என்பது விதி. அதனால் கொடுக்கவில்லை. பையன் தரையில் விழுந்து புரண்டு அழுதான். அதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

எடைமேடைக்காரர் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை எடைபோடும் இடத்தில் வேலை பார்த்தார். லாரி மேடையில் ஏறி நிற்கும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அவர் பொத்தானை அமுக்குவார், சீட்டு வரும், கிழித்துக் கொடுப்பார். இருபது வருஷம் இப்படியே போனது. ஒரு மத்தியானம் லாரி எதுவும் வராத நேரத்தில் தானே போய் மேடையில் நின்று பார்த்தார். இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காத அந்த இயந்திரம் அவரை நூறு என்று மதித்தது. மறுநாளே ஓட ஆரம்பித்தார். ஐந்து கிலோமீட்டர் போட்டிக்குப் போய்வந்தபோது முகம் தெளிவாக இருப்பதாக மனைவி சொன்னாள். பத்துக்குப் போய்வந்தபோது உச்சந்தலையில் முடி இருந்தது. விக் வைத்துக்கொண்டார் என்று தெருவில் பேச்சு. இருபத்தொன்றுக்குப் போன அன்று திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, எண் எழுதிய தாளையும் நெஞ்சிலிருந்து கழற்றவில்லை. கதவைத் திறந்த மனைவி, "யாருப்பா வேணும்? அவர் இன்னும் வரலையே" என்று சொல்லிச் சாத்திவிட்டாள். தாளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பழைய வழுக்கையும் பழைய தொப்பையும் வந்து சேர்ந்தன. கதவைத் தட்டினார். இந்தத் தடவை திறந்தாள்.

அப்படித்தான் கணக்கு பிடிபட்டது. எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு வயது குறையும். சும்மா பயிற்சிக்கு ஓடினால் வியர்வை மட்டும்தான். எண்ணைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் வருஷத்துக்கு ஒன்றரை நிமிஷம் வீதம் திரும்ப ஏறும். ஏன் என்று யாரும் ரொம்ப விசாரிக்கவில்லை. குடும்ப டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, தொடர்ந்து ஓடுங்கள் என்றார். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள் என்பதால் துணிக்கும் பஞ்சமில்லை. முன்னறை அலமாரியில் நான்கு வயதிலிருந்து பதினேழு வயது வரை கால்சட்டைகள் வரிசையாக இருந்தன. மாரத்தான் நாட்களில் ஒரு பெரிய பையை நிரப்பிக்கொண்டு கூடவே போவாள். இரண்டாவது மாரத்தானுக்குள் கமிட்டி விதியையும் திருத்தியது: புறப்படும்போது உள்ள வயதே வயது, ஓடுகிறவருக்குத் துணியும் தண்ணீரும் நீட்டலாம், தொடக் கூடாது.

அவருக்கு நாற்பத்தெட்டு நடக்கும்போது வருஷாவருஷம் நடத்தப்போகும் ஐம்பது கிலோமீட்டர் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். வீட்டில் யாரையும் கேட்காமல் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"நாப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ல நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடியே. "மிச்ச ரெண்டு கிலோமீட்டரை யாரு ஓடறது?"

அவர் படிவத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வயதாவதற்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு பிறந்த நாளையும் சம்பள உயர்வு மாதிரி கொண்டாடினார். ஐம்பத்தைந்து ஆகட்டும் என்றாள் மனைவி. ஐம்பத்து மூன்று போதும் என்றாள் அவருடைய அக்கா. போட்டி நாளில் ஐம்பத்தொன்று முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும் என்றதும் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். சிறு வயதில் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். செய்தி கேட்டதும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். "ஒண்ணே கால் வயசுக்கு மேலதான் மிஞ்சும். ஆனா இவன் ஒண்ணரை வயசு வரைக்கும் எழுந்து நிக்கவே இல்லையே, தெரியுமா உனக்கு?" என்று நாத்தனார் கேட்க, மனைவி துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். கோட்டைத் தொடும்போது ஒரு வயது ஐந்து மாதம். நடை மறந்துபோகும் இடத்திலிருந்து கோடு வரை எண்பத்து மூன்று மீட்டர். "தவழட்டும்," என்றார் அவர் அடுப்படியிலிருந்து. "நிறைய பேர் கடைசில தவழ்ந்துதான் வர்றாங்க."

மனைவி அத்தோடு விடவில்லை. பல் டாக்டரைப் போய்ப் பார்த்து, பாதையை மறுபடி அளக்க வேண்டும் என்றாள். நாலு தடவை அளந்தாயிற்று, அப்படியே கூடினாலும் ஒரு கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதானே என்றார் அவர். "உங்களுக்கு அது ஒரு கிலோமீட்டர் டாக்டர். எனக்கு வீட்டுக்காரர்," என்றாள். அந்த வாரமே அவளும் அக்காவும் உருளை அளவுகோலைத் தள்ளிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டரும் நடந்தார்கள். நாற்பது மீட்டர் அதிகமாக இருந்தது. முடிவுக் கோட்டை அழித்து, புறப்படும் இடத்தின் பக்கமாகத் தள்ளிப் போட வைத்தார்கள்.

போட்டி விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவருக்கு எண் நூற்றுப் பதினேழு. முதல் பத்து கிலோமீட்டர் மற்ற எல்லாரையும் போல மூச்சு வாங்கினார். பன்னிரண்டில் முட்டிவலி போனது. பதினைந்தில் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். அவள் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பையோடு, ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நின்றுகொண்டிருந்தாள். இருபத்து நாலாவது கிலோமீட்டரில் அவர் இருபத்தேழு வயதோடு வந்தார். அவர்களுக்குக் கல்யாணமான வயது அது. இடுப்பு சிறுத்துக் கால்சட்டை நழுவியதால் வேறொன்றை நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ தச்சதா? ரொம்ப நல்லா இருக்கு," என்றார். அதை அவர் சொல்லி இருபத்து நாலு வருஷமாகியிருந்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த நிறுத்தத்துக்குள் அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. "நன்றிங்க" என்று யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல் தண்ணீரை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

முப்பதாவது கிலோமீட்டரில் எல்லாரையும் முந்தி முதல் ஆளாக ஓடினார். அதற்கப்புறம் கால் குட்டையாக ஆரம்பித்தது. மைக்கில் பேசியவர் அதுவரை "இதோ வர்றார், வர்றார்" என்று கத்திக்கொண்டிருந்தவர், முப்பத்தைந்தில் அரும்பு மீசையையும் பருக்களையும் பார்த்துவிட்டு "வர்றான், வர்றான்" என்று மாற்றிக்கொண்டார். இனிமேல் அவன் என்று எழுதுவதுதான் முறை. அவன் அந்த நிறுத்தத்தில் மனைவியிடம் உடைந்த குரலில் "தேங்க்ஸ்க்கா" என்றான். அவள் பொறுத்துக்கொண்டாள். நாற்பதில் "ஆன்ட்டி, ஷூ பெருசா இருக்கு" என்றான். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஸ்கூட்டரில் ஏறியபின் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "என்னை இப்பவும் அக்கான்னுதான் கூப்பிடறான்," என்று பெருமையடித்துக்கொண்டது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம் பிடித்தது. ஒன்பது வயதில் ஒரு பள்ளம் தோண்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றான். ஏழு வயதில் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு எதிர்த்திசையில் நாலடி போய்விட்டான். பூனை நல்லவேளையாகத் திரும்பியது. நாற்பத்தாறாவது கிலோமீட்டர் பலகைக்குக் கீழே ஐந்து வயதில் உட்கார்ந்துகொண்டு, கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். மனைவி எதிரே குந்தினாள். தொடாமல், ஒரு சாண் தள்ளி.

"போலாம் கண்ணு. அந்தத் தாளைக் கழட்டிடு. போயிடலாம்."

பையன் குனிந்து பார்த்தான். தாள் அவன் கழுத்திலிருந்து தொடை வரை தொங்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "இது என்னோடது," என்றான். எழுந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தான்.

ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. எண்பத்து மூன்று மீட்டர் இருக்கும்போது, சாக்பீஸ் கணக்கு சொன்ன அதே இடத்தில், குழந்தை பொத்தென்று உட்கார்ந்தது. மைக்கில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வருது, வருது" என்றார். கூட்டம் கை தட்டியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மனைவி கையை நீட்டிக் கூப்பிட்டாள். குழந்தை சிரித்தது, கையை ஊன்றியது, அவளையே பார்த்துக்கொண்டு பின்னால் போயிற்று.

எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. பின்னால் போகும் தூரமும் தூரம்தான், அதற்கும் வயது குறையும் என்பது மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. பல் டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் பதினான்கு நிமிஷம். அவள் ஓடிப்போய்க் குழந்தையின் பக்கத்தில் மண்டி போட்டாள். தாளில் நாலு மூலையிலும் ஊக்கு. ஒன்றைக் கழற்றினால் போதும், எல்லாம் முடிந்துவிடும், ஆளாவது பத்திரமாகக் கிடைப்பார். கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதே!" என்று கத்தினாள் அக்கா. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயோ, மறந்தே போச்சு எனக்கு! இவன் ரிவர்ஸ்லதாம்மா போவான். எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில போய் மாட்டிக்கிட்டு தினமும் கத்துவான். முன்னால போகவே தெரியாது!"

சொன்னதோடு நிற்காமல், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதையில் கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக ஓடி, முப்பது அடி தள்ளி நின்று திரும்பினாள். இருவரும் ரோட்டில் குந்திக் கையை நீட்டினார்கள். "வாடா தம்பி, அக்காகிட்ட வா!" குழந்தை தலையைத் திருப்பியது, உடம்பையும் திருப்பியது. இப்போது முகம் அவர்களைப் பார்த்தது, பின்புறம் கோட்டைப் பார்த்தது. அவர்களிடம் வருவதற்காகக் கையை ஊன்றித் தள்ளியது. தள்ளத் தள்ள அவர்கள் தூரமானார்கள். குழந்தைக்கு அழுகை வந்துவிட்டது. கையை நீட்டி அழுதபடி, முழுவேகத்தில், வேண்டியவர்களை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. மனைவியும் அழுதாள். "வாங்க, வாங்க," என்றாள், பழக்கதோஷத்தில் மரியாதையோடு. ஏழு மணி நேரம் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் நூற்றுப் பதினேழாம் எண்ணின் பின்புறம் கோட்டைக் கடந்தது.

பல் டாக்டர் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. குழந்தை அதை வாயில் வைத்துக் கடித்தபோது எண்ணிப் பார்த்து, பற்கள் எட்டு, நேரத்துக்குள் முடித்தார், திசை பற்றி விதியில் எதுவும் இல்லை என்று எழுதினார்.

ஊக்குகளைக் கழற்றியது மனைவி. தன் ஸ்கூட்டரில் ஏற்றிப்போக அக்கா ஒப்பவில்லை. பத்து கிலோவாக ஏறி எழுபது கிலோவாக இறங்குகிற ஆளை வைத்துக்கொண்டு வண்டியை வளைத்து ஓட்ட முடியாது என்றாள். ஆகவே பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்டக்டர் மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு அவளுக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார். மூன்றாவது நிறுத்தத்தில் திரும்பி வந்தபோது பக்கத்து இருக்கையில் சீருடைக் கால்சட்டையோடு ஒரு பையன் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். உயரத்தைப் பார்த்தார், அரை டிக்கெட் கிழித்தார். மேம்பாலம் தாண்டும்போது மீசை முளைத்தது. பெரிய பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது அவர் கண் விழித்து, கழுத்திலிருந்த பதக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"முடிச்சுட்டேனா?"

"முடிச்சீங்க," என்றாள் மனைவி. "பின்பக்கமா."

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. மனைவி பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் போட்டுக்கொள்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைத் தடவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண்டக்டர் வந்தார். பழைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அரை டிக்கெட் சார்," என்று முழு டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, முன்னிருக்கைக்காரரிடம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கப் போனார்.