மறுநாள் கேட்ட கச்சேரி

1983ஆம் வருஷம் பங்குனியில் மதுரை மின்னல் இசைக்குழு சாயங்காலம் வாசித்த எதுவும் அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரத்தில், அதே இடத்தில், அதே வரிசையில், ஒரு தட்டு, ஒரு சொல் குறையாமல் கேட்டது. செக்கானூரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் தொடங்கித் திருப்பரங்குன்றம் வரை எல்லா இடத்திலும் இப்படியே நடந்தது. அந்த மாதம் மழை இல்லை. கத்தரிக்காய் விலை ஏறியிருந்தது.

குழுவில் நான்கு பேர். ஸ்யாமளா பாடுவாள். கிதார் வாசித்த வெங்கட்ரமணன் பகலில் பேங்க் ஊழியர், மற்ற நேரமெல்லாம் சால்டரிங் கம்பியும் கையுமாக இருப்பவர். ஹாலாஸ்யம் பேஸ் கிதார். வேன் ஓட்டுவதும் அவர்தான். டிரம்ஸ் வாசித்த காளை கீழக்குயில்குடி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாண வரவேற்புகளில் சில வருஷம் சினிமாப் பாட்டு வாசித்துச் சலித்தபின், தாங்களே எட்டுப் பாட்டுப் போட்டு ‘பகல் விளக்கு’ என்று ஒரு கேசட் கொண்டுவந்தார்கள். வெங்கட்ரமணன் வீட்டு மாடியறையில் சுவர் முழுக்கக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு அதைப் பதிவு செய்தார்கள். வெறும் சுவரில் பட்ட சத்தம் பந்துபோலத் திரும்பி வரும். சாக்கு அதைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். கேசட் நன்றாகவே வந்தது. ஆனால் காதில் விழாத பாட்டை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அதனால் பங்குனிப் பொங்கல் நடக்கும் ஊர்களாகப் பார்த்து, கேசட் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஸ்யாமளாவுக்கு இதுதான் கடைசிச் சுற்று என்று முடிவாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு நாக்பூர். நல்ல மனிதர்கள். மேடையில் பாடுவதை மட்டும் பிறகு விட்டுவிட வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்கள். அவளுடைய அப்பா பஞ்சாபகேசன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். மனைவி வாலாம்பாள் போனபிறகு, சமைத்துப் போட்டு, தலை பின்னிவிட்டு, தனியாளாகப் பெண்ணை வளர்த்தவர். நாக்பூரிலிருந்து சம்மதம் வந்த அன்று அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வேண்டாம் என்ற சொல் ஸ்யாமளாவின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆயிரம் பேர் முன்னால் பாடத் தெரிந்தவளுக்கு அந்த ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல வரவில்லை.

முதல் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்தில் கச்சேரி தொடங்கியது. ஸ்யாமளாவின் வாய் அசைந்தது, காளையின் குச்சிகள் எழுந்து இறங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது.

“ஏப்பா, ஊமைப் படமா காட்டுறீங்க?” என்றார் ஒருவர்.

“மின்னல்னு பேரு வச்சிருக்காய்ங்க மாப்ள. இடி பெறகுதான் வரும்” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பழி முதலில் வெங்கட்ரமணனின் எக்கோ மெஷின் மேல் விழுந்தது. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் ஏன் என்று விளங்கும். அந்தப் பெட்டிக்குள் ஒரு டேப் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஹெட் பாடுகிறவரின் குரலை டேப்பில் எழுதுகிறது; சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படித்துச் சொல்கிறது. எழுதிய இடம் படிக்கிற இடத்துக்கு நகர்ந்து வரக் கண் சிமிட்டும் நேரம் ஆகிறது. அந்தத் தாமதம்தான் நம் காதுக்கு எதிரொலி. இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் தூரம் கூடினால் தாமதமும் கூடும். சாயங்காலம் எழுதியது காலையில் படிக்கப்பட வேண்டுமானால், டேப் மதுரையில் தொடங்கித் திருப்பரங்குன்றம் வரை நீள வேண்டும் என்று வெங்கட்ரமணன் பிற்பாடு கணக்குப் போட்டார். அவருடைய பெட்டி ஒரு முழம்தான் இருந்தது. ஆனாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டே அடுத்த ஊரில் வாசித்தார்கள். அங்கேயும் சத்தம் இல்லை. வெங்கட்ரமணன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் திருநீற்றைத் தூவினார்; தூள் தாளத்துக்குத் துள்ளியது. ஆக, கரண்ட் வருகிறது, கூம்பு அதிர்கிறது. கடைசியில் காளையின் டிரம்மைப் பார்த்தார். கரண்டே தேவைப்படாத டிரம்மும் ஊமையாக இருந்ததால் மெஷின்கள் எல்லாம் நிரபராதி என்று முடிவானது. மேடையை விட்டுத் தரையில் நின்றும் பார்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்து அவர்கள் நின்ற இடமெல்லாம் மேடையாகிவிட்டது. கச்சேரி முடிந்து வேனுக்குத் திரும்பினால் எல்லாச் சத்தமும் வழக்கம்போலக் கேட்டது.

“எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலைடா. பேஸ் கிதாரை என்னிக்கு யார் கேட்டா?” என்றார் ஹாலாஸ்யம்.

ஒப்புக்கொண்ட ஊர்கள் பாக்கி இருந்ததாலும், அடுத்த ஊரில் சரியாகிவிடும் என்று வெங்கட்ரமணன் ஒவ்வொரு தடவையும் நம்பியதாலும் வேன் போய்க்கொண்டே இருந்தது. திட்டு வாங்கிய ஊரில் தங்க யாருக்கும் மனமில்லை. விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். அதனால் பின்னால் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. முதல் ஊரில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் காதில்தான் அது முதலில் விழுந்தது. மேடை பிரித்த பொட்டலிலிருந்து டிரம்ஸ் எழும்பியது, பிறகு கிதார், பிறகு ஒரு பெண் குரல். மாடுகள் ஒருசேரத் திரும்பிப் பார்த்தன. முந்தைய நாள் திட்டியவர்களே மண்வெட்டியும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். எட்டாவது பாட்டு முடிந்ததும் வெறும் பொட்டலைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த ஊர் விருமாண்டி தன் மனைவி அன்னக்கொடியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பாடியவர்களைத் தேடிப் புறப்பட்டார். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் காலைக் கச்சேரியைக் கேட்காமல் கிளம்ப மனம் வராததால், அவர்கள் எப்போதும் வேனுக்கு ஒரு நாள் பின்னாலேயே இருந்தார்கள்.

மூன்றாவது ஊரிலிருந்து ஸ்யாமளா மைக்கோடு பேச ஆரம்பித்தாள். செத்த மைக்கில் பேசுவது மூடிய கதவோடு பேசுவதுபோல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், பக்கத்தில் நின்ற மூவருக்கும்கூடக் கேட்காது என்ற தைரியத்தில், மனதில் உள்ளதைச் சொன்னாள். நாக்பூரைப் பற்றிச் சொன்னாள். அப்பாவின் ரசத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அடுத்த பாட்டுக்குக் குரல் லேசானது. கூட்டத்தில் இருந்தவர்கள், பாட்டு அறிவிக்கிறாள் போலும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழகர்கோவில் போகிற வழியில் வேன் டயர் பஞ்சரானது. காளை ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தபோது மொபெட் ஒன்று தடதடத்து வந்து நின்றது.

“ஒரு வழியாப் புடிச்சிட்டோம் தங்கச்சி” என்றார் விருமாண்டி.

“நீங்க யாருன்னு தெரியலையே” என்றாள் ஸ்யாமளா.

“நாங்க ஒரு நாள் பிந்தி வாரவுக” என்றாள் அன்னக்கொடி. “நீங்க பாடுனது, பேசுனது, அம்புட்டும் காலையில கேக்குது. ஊரே ஒக்காந்து கேக்குது.”

“பேசினதுமா?”

“ஆமா. நாக்பூரு சங்கதி. ஒங்க அப்பா ரசத்துல பெருங்காயத்த அள்ளிப் போடுறது. அவரு மொகத்தப் பாத்துச் சொல்ல வரலைனு நீ சொன்னது. கேட்ட ஊருப் பொம்பளைக, நாக்பூரு எந்தத் தெசைனு வாத்தியார்கிட்டக் கேட்டுக்கிட்டு, அந்தப் பக்கமாப் பாத்து ஏசிக்கிட்டுக் கெடக்காக.”

ஸ்யாமளா வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். காளை ஜாக்கியைச் சுற்றியபடியே, “என்னயப் பத்தி எதும் சொல்லுச்சாண்ணே?” என்றான்.

“நீ பாட்டை இழுத்துக்கிட்டு ஓடுறயாம்.”

“அது இருக்குறதுதான்” என்றான் காளை.

அன்று அழகர்கோவிலில் வாசித்துவிட்டு, முதல் தடவையாக அங்கேயே தங்கினார்கள். காலையில் புளியமரத்தடியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தங்கள் கச்சேரியைக் கேட்டார்கள். பாட்டுக்கு அடியில் ஓடிய தன் பேஸைக் கேட்டு ஹாலாஸ்யம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வேனில் இருந்த கேசட்டில் பாதி அங்கேயே விற்றது. இடையில் ஸ்யாமளாவின் பேச்சு வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, யார் என்று கேட்காமல், அவள் முதுகில் கை வைத்தாள்.

கடைசி ஊர் திருப்பரங்குன்றம். அதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்திருந்த ஸ்யாமளா அப்பாவிடம் சொன்னாள்: “அப்பா, கச்சேரிக்கு வாங்கோ. சாயங்காலம் வேண்டாம், மறுநாள் காலம்பற.”

“கச்சேரி சாயங்காலம்னு போட்டிருக்கே?”

“பாடறது சாயங்காலம். கேக்கறது காலம்பறதான்.”

“சரி” என்றார் பஞ்சாபகேசன். ரயில் தாமதம் என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ, அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சாயங்காலம் மூன்று பாட்டுக்குப் பிறகு ஸ்யாமளா நீண்ட நேரம் பேசினாள். இந்தத் தடவை, காலையில் கேட்கும் என்று தெரிந்தே பேசினாள். மற்ற மூவரும் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அது கேட்கப்படும் நேரத்தில் அங்கே இல்லாமல் இருக்கலாம் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. காலையில் வீட்டிலேயே இருந்துவிடத்தான் நினைத்தாள். ஆனாலும் போனாள், போய் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பஞ்சாபகேசன் டவுன் பஸ்ஸில் குடையோடு வந்தார். விருமாண்டி துண்டை உதறி விரித்து, “ஒக்காருங்க சாமி” என்றார். மலையின் நிழல் சுருங்கி வெயில் மேடையைத் தொட்டபோது டிரம்ஸ் எழுந்தது. மூன்று பாட்டு வரை அவர் முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பெண்ணின் பேச்சுக் குரல் வந்தது.

“அப்பா, எனக்கு நாக்பூர் வேண்டாம். அவா மேல ஒரு குத்தமும் இல்லை. பாடாம இருக்க முடியாதுப்பா. அன்னிக்குச் சிரிச்சேளே, அம்மா போனப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசு வரலை. அதான் தலையை ஆட்டிட்டேன்.”

ஊர் ஊராக இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்கள் ஒருவரும் பஞ்சாபகேசனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாலாவது பாட்டு வரும் வரை.

எட்டுப் பாட்டும் முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின் பஞ்சாபகேசன் எழுந்தார். மேடைப் பலகைகளை இன்னும் பிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார், கூட்டத்தைப் பார்த்து நின்றார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசினார். வாய் அசைந்தது; ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் வீட்டில் இரண்டு பேரும் உப்பு போதுமா, மோர் வேண்டுமா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவள் கேட்கவில்லை. நாளைக் காலை தெரியப்போகிறதை இன்று ஏன் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும்.

மறுநாள் ஸ்யாமளா தனியாகப் போனாள். பலகைகளைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள்; வெறும் மண்தான் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாள். வெயில் வந்ததும் முதலில் ஒரு செருமல் கேட்டது.

“கேக்கறதா? தெரியலை. சரி, சொல்லிடறேன். ஸ்யாமி, நாக்பூர்க்காராகிட்ட நான் நேர்ல போய்ப் பேசிக்கறேன், அது என் வேலை. உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுண்டுதான் அன்னிக்குச் சிரிச்சேன். உன்னை அனுப்பிட்டு அந்த ஆத்துல தனியா என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியலை. இதையும் ஆத்துல வச்சு உன்கிட்டச் சொல்ல வரலை, பாரு. அப்புறம், மூணாவது பாட்டுல மேலே போறச்சே சுருதி எறங்கறது. அதைப் பார்த்துக்கோ.”

மின்னல் குழு அதன்பின் ஏழெட்டு வருஷம் வாசித்தது. நோட்டீஸில் இரண்டு நேரம் அச்சடித்தார்கள்: பார்க்க மாலை, கேட்க மறுநாள் காலை. அந்த வட்டாரத்தில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் இரண்டு நாளுக்கும் பந்தல் போட்டார்கள். காலை இட்லிக்கும் சேர்த்துத்தான் வரி வாங்கினார்கள். விருமாண்டியும் அன்னக்கொடியும் கடைசி வரை காலைக்கு மட்டுமே வந்தார்கள். வெங்கட்ரமணன் காரணம் தேடுவதை நிறுத்தவில்லை, ஆனால் அவசரப்படவும் இல்லை.

அன்றைக்கு, அப்பா பேசியதைக் கேட்டுவிட்டு ஸ்யாமளா வீடு திரும்பியபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி பீன்ஸை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினாள். நாலு காய் உரித்துவிட்டு, “மூணாவது பாட்டுலயா?” என்றாள்.

“ஏழாவதுலயும்தான்” என்றார் அவர்.