ஸ்ரேயாஸும் ஜப்பான் குடையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு கஃபேயில் ஞாயிறு மதியம் ஜப்பானிய அனிமேஷன் படம் போட்டார்கள். அதில் சூனியக்காரியின் சாபத்தால் குடையாகிப்போன ஓர் ஆள். துணைப் பாத்திரம்தான், வசனமே கிடையாது. வீட்டைவிட்டு வந்த கதாநாயகி போகுமிடமெல்லாம் அவள் தலைக்குமேல் மிதந்தபடி கூடவே வருவான். படம் முடிந்ததும் எல்லோரும் அவனைப் பற்றியே பேசினார்கள். நானும் இத்தனை வருடமாக எழுதுகிறேன். என் துணைப் பாத்திரம் ஒருத்தன் பெயராவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

2

முதல் வரி: 'மழையில் நனைந்தபடி ஸ்ரேயாஸ்...' வேண்டாம், மழை பிறகு வரட்டும்.

ஸ்ரேயாஸுக்குத் தேரடி வீதியில் எலெக்ட்ரிக்கல் கடை. மனைவி சுதர்சனா. சமண வீடு, பொழுது சாய்ந்தபிறகு சாப்பாடு கிடையாது. அவன் கேரியர் சோற்றைக் கடையிலேயே முடித்துக்கொள்வான். அவள் வீட்டில் தனியாகச் சாப்பிடுவாள். அந்தப் படத்தை அவளையும் பார்க்க வைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தால் குடைதான்.

"ஒரு வார்த்தை பேசல. ஆனா கூடவே இருந்துச்சு பாருங்க."

"நான் மட்டும் எங்க போயிட்டேன்?"

"கடைக்கு."

ஸ்ரேயாஸுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு பொம்மைக் குடைமேல்! [இங்கே அவனைக் கோமாளியாக்கத்தான் நினைத்தேன். எனக்கும் அதே எரிச்சல்தான் என்பதால் விட்டுவிட்டேன்.]

3

இன்றைக்குக் குடையை ஜெயித்தே தீருவது என்று கடையைச் சீக்கிரம் பூட்டினான். அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கடிகாரப்படி பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. கொட்டும் மழையில் வண்டியை விரட்டி வந்து சேர்ந்தான். சுதர்சனா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள சாப்ட்டுட்டியா?"

"மூடாக்கா இருக்குதே. சூரியன் எப்ப எறங்குதுன்னு தெரியாதுன்னு முன்னாடியே முடிச்சுடுவோம்ல? மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தான். தினமும் கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறவனுக்கு மேகம் ஏது?

4

முடிவு அ: அவள் இன்னொரு தட்டையும் எடுத்து வந்து அவனோடு... நடக்காது. வாய் கொப்பளித்துவிட்டாள். இனி நாளைக்குத்தான்.

முடிவு ஆ: அவனும் ஒரு குடையாக மாறி... சீ, இது அப்பட்டமான காப்பி.

சரி, நீயே பேசித் தொலை என்று அவனை விட்டுவிட்டேன்.

"உன் குடையா இருந்தா, நீ சாப்பிடறப்ப பக்கத்துலயே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். ஆனா அதுக்குப் பசிக்காது. உங்களுக்குப் பசிக்கும். உட்காருங்க."

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

இந்தப் பேச்சை நான் அவளுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. என்னை யாரும் இப்படி உட்காரச் சொன்னதுமில்லை. குடையை மன்னித்துவிட்டேன், இப்போது எனக்கு வயிறு எரிவதெல்லாம் இந்த ஸ்ரேயாஸ்மேல்தான். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. அவன் சாப்பிட்டானா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் பட்டினிதான் போடுவேன்.