ஒத்துப்போகாத அறுபத்தொரு பேர்

பள்ளி வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வெளியே வரக் காத்திருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல் சொன்னதும், "என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அவள். மகள் அங்கேதான் முதலாமாண்டு படிக்கிறாள்.

"உங்க பொண்ணு நல்லாத்தாம்மா இருக்கா. இது உங்க விஷயம். நீங்க பாஸாயிட்டீங்க."

"யாரு, நானா?"

இருபத்தோரு வருடங்களுக்கு முன் கடைசிப் பருவத்தில், புள்ளியியல் தாளை நான்கு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவள் அவள். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டாள், பதிலே இல்லை. அதற்குள் அப்பா படுத்த படுக்கையானார், வீடு மாறினார்கள், கல்யாணம், குழந்தை. என்ன படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவது கைவந்த கலையாகிவிட்டது. மகளின் சேர்க்கைப் படிவத்தில் தாயின் கல்வி என்ற கட்டத்தில் 'பட்டம் முடிக்கவில்லை' என்று எழுதச் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் மகளோடு போனாள். ஃபோனில் பேசிய எழுத்தர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றார். திட்டு வாங்கத் தயாராகிவிட்டவர் மாதிரி இருந்தது.

"தேர்வுப் பிரிவுல அப்பவே பதினோரு மார்க் கூட்டிட்டாங்கம்மா. மார்க்கைத் திருத்தின அந்தத் தாள் எங்க பிரிவுக்கு வரவே இல்ல. நடுவுல ஒரே ஒரு மாடிப்படிதான். இப்ப எல்லாப் பிரிவையும் ஒரே சிஸ்டத்துல சேத்தாங்க. ரெண்டு பக்கமும் மார்க் ஒத்துப்போகாத அறுபத்தொரு பேரு திரையில சிவப்பா வந்து நின்னாங்க. உங்க பழைய விலாசத்துல வேற யாரோ இருக்காங்க. உங்க பொண்ணோட படிவத்துல இருந்த உங்க பேரும் பிறந்த தேதியும்தான் காட்டிக் குடுத்துச்சு."

"இருபத்தோரு வருஷம்! இதைச் சும்மா விடறதாம்மா?" மகளின் குரல் உயர்ந்தது.

அவளுக்கும் வந்தது கோபம். போடாமல் விட்ட வேலை விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. ஆனால் மேசைமேல் இருந்த பட்டியலில், பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி அடித்து, மறுபடி எழுதியிருந்த தொலைபேசி எண்களைப் பார்த்துவிட்டாள்.

"எல்லாரையும் நீங்களேதான் தேடறீங்களா?"

"கடிதம் போட்டாப் போதும்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. சாப்பாட்டு நேரத்துல உக்காந்து தேடறேன். கிடைச்சதுல நீங்க ஒன்பதாவது ஆளு."

அவள் மேசைக்கு மேலாக எட்டி எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு என்னவோ வந்தது. "மிச்சம் அம்பத்திரண்டு பேரையும் விட்றாதீங்க. சாப்பிட்டுட்டுத் தேடுங்க."

எழுத்தர் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். சான்றிதழுக்காக அவளைச் சுவரோரம் நிற்கவைத்துப் படமெடுத்தார். திரையில் அவளது கல்லூரிக் காலப் பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் உறுதி பண்ணணும்."

பழைய படத்தில் மகளின் வயதில், ஒல்லியாக, கண்களை அகல விரித்து ஒருத்தி. எழுத்தர் நிமிர்ந்து முதலில் மகளைப் பார்த்தார், பிறகு அவளை. மகள் குனிந்து, தன் மூச்சு திரையில் படுமளவுக்கு நெருங்கிப் போய், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.