கை நனைக்கப் போற அன்னைக்கு

விடிஞ்சதுலருந்து சின்னராசாவுக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளல. வேனுக்குள்ள ஏறுறாரு, பாட்டு செட்டை ஒரு தட்டு தட்டுறாரு, எறங்குறாரு, திரும்ப ஏறுறாரு. செட்டுல லைட்டு மட்டும் நல்லா நீலமா எரியுது. பாட்டத்தான் காணோம்.

அது பழைய கேசட் செட்டு. ஹட்டன்ல ஒரு கடைக்காரன்கிட்ட குடுத்து, கேசட் ஓடுற சாமானையெல்லாம் கழட்டி வீசிட்டு, பென் ட்ரைவும் போனும் வேலை செய்யிற மாதிரி ஒரு குட்டி போர்டை உள்ள வச்சு, வயருக்கெல்லாம் ஈயம் வச்சு ஒட்டி வாங்குனது. தோட்டத்து ரோட்டைப் பத்தி நான் சொல்லணுமா என்ன? ரோடுன்னு பேருதான். குலுங்கிக் குலுங்கி ஒரு வயரு விட்டுப் போச்சு.

பாட்டு இல்லாட்டி வேன் ஓடாதான்னு கேப்பீங்க. ஓடும். ஆனா நானுஓயாவுக்கு மேல இருக்கிற இந்தத் தோட்டத்துலருந்து தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் எல்லாம் தாண்டி றொசல்லைக்குப் போகணும். அவ்வளவு தூரமும் பக்கத்து சீட்டுல மக தனுஷிகா உக்காந்து வருவா. சத்தமில்லாத வேன்ல அவ வாயத் தெறந்தா என்ன சொல்லுவான்னு மனுசனுக்குத் தெரியும். அந்தப் பயம்தான் அவரை ஆட்டி வச்சுது.

றொசல்லையில இருக்கிறது அவரோட தங்கச்சி பரிமளம். பெஞ்சாதி பூரணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த வருசங்கள்ல தனுஷிகாவைச் சொந்தப் புள்ளை மாதிரி வளத்தவ அவதான். பூரணி திரும்பி வந்ததும், ஒனக்கு நான் என்ன செய்யப்போறேன் தங்கச்சின்னு இவரு கண் கலங்க, என் மகன் வினோஜனுக்கு இவளையே குடுத்துருங்கண்ணேன்னு அவ கேட்டா. இவரும் மண்டைய ஆட்டிட்டு வந்துட்டாரு. இன்னைக்கு அங்க கை நனைக்கப் போறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுல ஒரு வாய் சோறு சாப்பிட்டா சம்பந்தம் உறுதி, பொறகு யாரும் மாத்திப் பேச ஏலாது. இதுக்கெல்லாம் பொண்ணைக் கூட்டிட்டுப் போற வழக்கம் இல்லதான். ஆனா தனுஷிகாவைக் கட்டாயம் கூட்டிட்டு வரணும்னு பரிமளமே சொல்லிட்டா.

தனுஷிகாவுக்குக் கட்டுநாயக்காவுல ஒரு கம்பெனியில வேலை. லீவுல வந்த அன்னைக்கே, அப்பா ஒரு விஷயம் பேசணும்னு ஆரம்பிச்சா. சின்னராசாவுக்கு அப்பத்தான் டயருல காத்து குறைஞ்சது ஞாபகம் வந்துச்சு. மறுநாள் ஆரம்பிச்சா, கோயில் கமிட்டிக் கூட்டம். அடுத்த நாள் வயித்துவலி. இப்படியே ஒளிஞ்சு ஒளிஞ்சு இந்த நாளைக்கு வந்து நிக்கிறாரு.

வயரைச் செல்லோடேப் போட்டு ஒட்டிப் பாத்தாரு. பாட்டு வந்துச்சு. சும்மா ஓட்டிப் பாத்தப்ப, லயத்து வீடுங்க முடியிற எடத்துல தண்ணி ஓடுற கானைத் தாண்டி வேன் ஒரு குலுங்கு குலுங்குனதும் பாட்டு நின்னுருச்சு. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திப் பாத்தாரு. கொர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட வர்ற சனமெல்லாம் சீலையும் வேட்டியுமா இஸ்தோப்புத் திண்ணையில நிக்குது. பாட்டுக்குத் தாளம் போட நாங்க என்ன கூத்துக்கா போறோம், வண்டிய எடுங்களேன்னு பூரணி கத்துறா.

அப்ப தனுஷிகா கையில சோல்டரிங் அயனோட வந்து நின்னா. கம்பெனியில அவளுக்கு போர்டுக்கு ஈயம் வைக்கிறதுதான் வேலை.

"தள்ளுங்கப்பா, நான் வச்சுத் தாறேன்."

சின்னராசா மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டாரு. இங்க பேசுனா கொஞ்ச நேரத்துப் பேச்சு. செட்டு செத்துக் கெடந்தா றொசல்லை வரைக்கும் பேச்சு. இதுவே மேல்னு ஒதுங்கி எடம் குடுத்தாரு. பாவம், அங்கதான் மாட்டிக்கிட்டாரு.

வீட்டுக் காம்பராவுல இருந்து ஜன்னல் வழியா கரண்டு வயரை இழுத்து அயனைச் சூடாக்குனா. செட்டை வெளிய இழுத்து மடியில வச்சுக்கிட்டா. பாத்துட்டு, ஒண்ணு இல்லப்பா, எல்லாமே விடுற மாதிரிதான் இருக்கு, எல்லாத்துக்கும் வச்சிருவோம்னு சொன்னா. வயரோட நுனிய அவரு புடிச்சுக்கணும். ஈயம் இறுகுறதுக்குள்ள கை ஆடுனா ஒட்டுன மாதிரி இருக்கும், நாளைக்கே விட்டுரும். அதனால ஆடவே கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டா. சின்னராசா ரெண்டு விரலால வயரைப் புடிச்சுக்கிட்டு, மூச்சையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு குந்துனாரு. ஈயம் பொகைஞ்சுது.

"அப்பா, வினோஜன் மச்சானை நான் கட்டிக்க மாட்டேன்."

கை ஆடிருச்சு. ஈயம் வெளிறிப்போய்ப் பொருபொருன்னு நின்னுச்சு. அவ அதைச் சுரண்டி எடுத்துட்டு, திரும்பப் புடிங்கன்னா. புடிச்சாரு. எந்திரிச்சு ஓடவும் வழியில்ல, காதைப் பொத்தவும் கையில்ல.

ஒவ்வொரு வயருக்கா ஈயம் வச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. ஒரே தட்டுல சோறு தின்னு வளந்தவங்க. காய்ச்சல்ல கெடந்தப்ப அவளை முதுகுல தூக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுனவன் அவன். அவனை நெனைச்சா அண்ணன்னுதான் வருதே தவிர வேற ஒண்ணும் வரல. யாரையும் விரும்பலப்பா, இது மட்டும் என்னால ஏலாதுன்னு அடக்கமாத்தான் சொன்னா.

ஒங்கத்தை இதைக் கேட்டா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாடின்னு மட்டும் சின்னராசாவால சொல்ல முடிஞ்சுது.

"அத்தைக்குத் தெரியும்பா. நான் போன்ல அப்பவே சொல்லிட்டேன். அழுதாங்க. பொறகு, அண்ணன் குடுத்த வாக்கு, அண்ணன் வாயாலயே வரட்டும், அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க."

அவருக்குச் சுருக்குன்னுச்சு. முதல்ல கோவம்தான் வந்துச்சு, எல்லாருமாச் சேந்து நம்மளை முட்டாளாக்கிட்டாங்களேன்னு. பொறகு வெக்கம். தங்கச்சி விசயம் தெரிஞ்சே அடுப்பைப் பத்தவச்சுட்டு, இவரு சொல்லுவாரா, இல்ல வாயப் பொத்திக்கிட்டுத் திங்கப் போறாரான்னு பாத்துக்கிட்டு இருக்கா. மகளையும் கூட்டிட்டு வாங்கன்னு அவ சொன்னது, வழியிலயாவது இவரு மக பேச்சைக் கேக்கட்டும்னுதான்னும் இப்பத்தான் வெளங்குச்சு. அந்தச் சோறு தன் தொண்டையில எப்படி எறங்கும்?

விடுங்கப்பா, இறுகிருச்சுன்னா தனுஷிகா. அவரு விடாமயே குந்தியிருந்தாரு. அவளே விரலைப் பிரிச்சு விட்டு, சுவிட்சைப் போட்டா. பாட்டு காதைப் பொளந்துக்கிட்டு வந்துச்சு. வெளிய நின்ன சனம், அப்பாடா போவோமான்னு குரல் குடுத்துச்சு. சின்னராசா செட்டை அமத்திட்டு, ஒங்கத்தைக்குப் போனைப் போடுன்னாரு.

"பரிமளம், புள்ளைக்கு இதுல விருப்பம் இல்லம்மா. நான் குடுத்த வாக்கை நானே எடுத்துக்கிறேன். என்னைய மன்னிச்சுரு."

அந்தப் பக்கம் எண்ணெய்யில ஏதோ பொரியிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவ மூக்கை உறிஞ்சிட்டுப் பேசுனா.

"சோறு ஆக்கிட்டேன். வாங்கண்ணே. சம்பந்தியா வேணாம், அண்ணனா வந்து சாப்புடுங்க. ஆனா வினோஜனுக்குத் தெரியாது. வாசல்ல தோரணம் கட்டிக்கிட்டிருக்கான். அவன்கிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

வேன் கெளம்புச்சு. பின் சீட்டுல இருந்த சனம் விசயம் தெரியாம பாட்டைப் போடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு போட்டுவிட்டாரு. ஒரு பாட்டும் அவரு காதுல ஏறல. தோரணம் கட்டுற பயலோட மொகம்தான் வளைவுக்கு வளைவு முன்னால வந்து நின்னுச்சு. தலவாக்கலையைத் தாண்டுனதும் சத்தத்தைக் கொறைச்சுட்டு, மக பக்கம் திரும்பாம கேட்டாரு.

"அவன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

தனுஷிகா ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டிருந்தா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருந்துச்சு.

"எனக்கும் தெரியலப்பா. தினமும் மச்சான் எனக்குப் போன் பண்றாரு. நானும் ஒங்கள மாதிரித்தான், வேலையிருக்குன்னு சொல்லி வச்சிட்டு வச்சிட்டு ஓடுறேன்."