லயத்துக் கதவு

ரிசார்ட்டுல என் பேச்சுக்குக் கைதட்டு உண்டு. பீர்மேட்டுக்கு வர்ற டூரிஸ்டுகளுக்குத் தேயிலைத் தோட்டம் சுத்திக் காட்டுறது என் வேலை. 'லைன்'ங்கிற வார்த்தையில ஆரம்பிப்பேன். ஆதியில அது ஆளிச்செடி நாருல திரிச்ச நூலு. அந்த நூலைப் பிடிச்சுக் கொத்தனாரு நேரா கோடு போட்டாரு. கோடு வரிசையாச்சு, அப்புறம் ரயில் பாதை, கரண்டுக் கம்பி, போன். பையன் பொண்ணுக்கு லைன் போடுறதும் அதேதான்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. கடைசியா, வெள்ளைக்காரன் எங்களுக்கு வரிசையாக் கட்டின வீட்டுக்கும் அதே பேரு, நாங்க அதை லயம்னு ஆக்கிக்கிட்டோம்னு முடிப்பேன்.

முந்தாநாள் ஒரு அம்மா, "அந்த வீட்டைப் பாக்கலாமா?"ன்னு கேட்டாங்க. பெருமையில எனக்குத் தலைகால் புரியல. வண்டிப்பெரியார் பக்கம் நான் பொறந்த லயத்துக்கே ஜீப்பை விடச் சொன்னேன். அங்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. என்ன கொழுப்பு எனக்கு.

எங்க லயத்துல பகல்ல யாரும் கதவைச் சாத்த மாட்டோம். வெளிச்சம் வாசல் வழியாத்தான் வரணும். சாத்தியிருந்தா ஏதோ கெட்டது நடந்திருக்குன்னு அக்கம்பக்கம் ஓடி வரும். முத்துப்பேச்சி அத்தை வீடும் தொறந்துதான் கிடந்துச்சு. அம்மா கொழுந்து கிள்ளப் போனப்பல்லாம் எனக்குச் சோறு ஊட்டினவங்க அவங்க. வாதம் வந்து படுத்த கருத்தப்பாண்டி மாமாவை வாசல் வெளிச்சத்துல வச்சு உடம்பு துடைச்சுக்கிட்டிருந்தாங்க. மாமா மேல துணி இல்ல. நான் நூலு, கோடுன்னு பேசிக்கிட்டே இருந்தேன், பின்னால கேமரா சத்தம். அத்தை தன் முந்தானையை இழுத்து மாமாவை மூடினாங்க. அப்பவும் நான் பேச்சை நிறுத்தல. போட்டோவை அழிங்கன்னு சொல்லக்கூட வாய் வரல. அதுதான் ரெண்டு நாளா நெஞ்சைப் போட்டு அறுக்குது.

இன்னிக்கு லீவு போட்டுட்டுப் போனேன். மத்தியானம், நல்ல வெயில். லயம் பூராக் கதவு சாத்திக் கிடந்துச்சு. அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"ன்னாங்க உள்ளேருந்து. அந்த வாசல்ல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல.

"நான்தான் அத்தை, யோகப்பிரியா. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

கதவு கொஞ்சமா விலகுச்சு. அத்தை கையில கஞ்சிக் கிண்ணம். கரண்டும் இல்ல, உள்ள இருட்டு. தடவித் தடவி ஊட்டியிருக்காங்க, மாமா தாடையெல்லாம் கஞ்சி. நாலு அறை விட்டாக்கூட வாங்கிக்கலாம்னு நின்னேன். அவங்க என்னைத் தாண்டி ரோட்டை எட்டிப் பாத்தாங்க.

"இன்னிக்கும் ஆளு வருதா?"

"இல்ல அத்தை."

"அப்ப, கதவைத் தொறந்து வச்சுக்கிடவாம்மா?"