ஏழு மணிக்குள் முடிய வேண்டிய வீடியோ

காலை ஆறரைக்குத் திருபுவனை கம்பெனி கேட் அருகே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆசிபா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ஆசிபா உட்பட ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோரும் டேப்லெட்டில் பாதுகாப்பு வீடியோவைக் கடைசிவரை பார்த்துக் கட்டைவிரல் வைத்தால்தான் வருகைப் பதிவு. ஏழு தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. மூன்று நாளாக வீடியோ நடுவில் நின்று பாதிப் பேருக்கு அப்படிப் போயிருந்தது.

சென்னையிலிருந்து வரும் வீடியோவை வாங்கி வைத்து நாற்பது டேப்லெட்டுக்கும் பரிமாறும் பிராக்ஸி சர்வர் அவள் பொறுப்பு. இருக்கிற கொஞ்ச மெமரியும் நிரம்பி அந்தக் கிழட்டு மெஷின் தினமும் ஏன் மூச்சுமுட்டி விழுகிறதென்று அவளுக்கு விளங்கவில்லை.

செலியமேட்டு பஸ் முதலில் வந்தது. அம்சவள்ளி ஓடிவந்து தன் டோக்கன் நம்பரைப் போட்டு வீடியோவை ஓடவிட்டாள். அடுத்த டேப்லெட்டில் ஜோஸ்பின் நம்பர், அதற்கடுத்ததில் சகாயராணி நம்பர். இரண்டையும் ஓடவிட்டு நிறுத்தினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"எடம் புடிக்கிறோம்டி. அவங்க வில்லியனூர் பஸ்ஸுல வராங்க. பஸ்ஸுல துண்டு போடறதில்லயா, அது மாதிரிதான்."

ஆசிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆள் பார்க்கிறதா இல்லையா என்று சர்வருக்குத் தெரியாது. ஓடவிட்டதும் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் தனித்தனியாக முழு வீடியோவையும் முன்கூட்டியே இழுத்து மெமரியில் அடுக்கிவிடும். இத்தனை நாளும் மெமரியை அடைத்துக்கொண்டிருந்தது ஆள் வராத துண்டுகள்தான்.

"அக்கா, எல்லாரும் ஒரு நிமிசம் கைய எடுங்க."

முன்கூட்டி இழுக்கும் அளவை அரை நிமிடத்துக்குக் குறைத்தாள். பார்க்கப் பார்க்க எடுத்தால் போதும். மெஷினை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வில்லியனூர் பஸ்ஸும் வந்து நாற்பது பேரும் பார்க்க உட்கார்ந்தார்கள். மெமரிக் கணக்கு பாதியைத் தாண்டவேயில்லை. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

ஆறு ஐம்பத்தேழுக்குக் கடைசிக் கட்டைவிரலும் விழுந்தது. "நல்லா இருப்படி நீ," என்று அம்சவள்ளி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ஏழுக்குத் திரையில் பட்டியல் வந்தது. நாற்பது பெயர் பச்சை. அடியில் ஆசிபா மட்டும் சிவப்பு. வீடியோ பார்க்கவில்லை, அரை நாள்.

சூப்பர்வைசர் மணவாளன் எட்டிப் பார்த்தார். "சென்னைக்கு ஃபோன் போட்டு உன்னப் பத்திப் பெருமையா சொல்றேன்மா. ஆனா இத மட்டும் மாத்த முடியாது. சிஸ்டம் எடுக்காது."

ஆசிபா எழுந்து போய்க் காலியாகக் கிடந்த டேப்லெட்டில் தன் நம்பரைப் போட்டாள். வீடியோ ஓரிடத்தில்கூட நிற்காமல் ஓடியது.