சூரியனில் இல்லாத புள்ளி

என் வீட்டுக்காரர் சுருளிவேலுக்குப் போடிமெட்டு மலைப்பாதையைக் கண்டு பயமில்லை, என் வாயைக் கண்டுதான் பயம். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பாட்டுப் போட்டபடி ஏறிவிடுவார். நான் ஒரு சத்தம் போட்டால் ஆள் பெட்டிப் பாம்பு. இத்தனைக்கும் அவருக்கு இடது கண் சின்ன வயதிலேயே கம்பு குத்தி மங்கியது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு ஓட்டமும்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, சூரியனைப் பார்ப்பது. ஏலக்காய் ஸ்டோரில் பில் போடுகிறவளுக்கு இது தேவையா என்று ஊரே கேட்டுவிட்டது. மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் முன்வாயில் வெள்ளித்தாள் போன்ற பில்டரை மாட்டினால், சூரியன் சாதுவான ஆரஞ்சு வட்டமாய்த் தெரியும். அது இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும். அதில் கரும்புள்ளிகள் கிளம்புவதும் ஊர்வதும் பார்க்கப் பார்க்க அலுக்காது. இரண்டு மூன்று வருஷமாய்ச் சூரியனுக்கு ஆட்டம் அதிகம். புள்ளிக் கூட்டங்கள் அடிக்கடி வெடித்துத் தீயைக் கக்குகின்றன. எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் யார் முதலில் கண்டது என்ற போட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வெடிப்பு என்று குழுவில் செய்தி வந்தது. மாடியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிற நினைப்பில் கீழே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து நின்றார். பில்டர் முன்வாயில் இருந்தது.

"என்ன தெரியுது?" என்றேன்.

"நட்ட நடுவுல பெருசா ஒரு கரும்புள்ளி" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் பார்ப்பதற்குள் மலையிலிருந்து மேகம் இறங்கி மூடிவிட்டது. பரவாயில்லை என்று, "நடுவட்டத்தில் பெரிய புள்ளி, என் வீட்டுக்காரர் கண்டது" என்று குழுவில் போட்டேன். யாரும் மெச்சவில்லை. நடுவில் ஒன்றுமே இல்லை, ஓரத்தில்தான் கூட்டம் என்று பதில் வந்தது. பொறாமை பிடித்ததுகள் என்று வைதுவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை விடியுமுன் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறியதும் நான் பார்த்தேன். ஓரத்தில் புள்ளிக் கூட்டம், நடுவில் வழித்து வைத்த மாதிரி சுத்தம். சூரியப் புள்ளி ஒரே நாளில் ஓடி ஒளியாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர இரண்டு வாரம் ஆகும். நேற்று நடுவில் இருந்தது இன்றும் நடுவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். காலையில் அவர் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சிரித்திருந்தேன்.

அவர் கண்ட புள்ளி சூரியனில் இல்லை. அவர் கண்ணில் இருக்கிறது.

உடனே போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மேலே போன ஜீப் சாயங்காலம் பெண்களோடு இறங்கும். அதற்குள் போயாக வேண்டும் என்று போடிமெட்டு வழியாகப் போகிற மூணாறு பஸ்சைப் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியே பள்ளத்தைத்தான் பார்த்தேன். எத்தனையோ முறை போன பாதை. தடுப்புச்சுவர் முழங்கால் உயரம்தான் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன்.

போடிமெட்டில் ஜீப் நின்றிருந்தது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. தனியே இழுத்துப் போய்க் கேட்டேன்.

"பில்டரைக் கழட்டுனீங்களா?"

"மேகம் மூடியிருந்துச்சு அனு. அதோட பார்த்தா ஒண்ணுந் தெரியல. மலையில தெனமும் மேகத்துக்குள்ள வெறுங்கண்ணால பார்க்கிற சூரியன்தானேன்னு கழட்டிட்டேன். நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. பொசுக்குன்னு மேகம் வெலகிருச்சு. நீ வர்றதுக்குள்ள மாட்டி வச்சுட்டேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்ல. நீ வைவேன்னு கம்முனு இருந்துட்டேன். ரெண்டு நாள்ல சரியாப் போகும்னு நெனச்சேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"நேராப் பார்த்தா ரோடு இல்ல. கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தா இருக்கு."

எனக்கு வசவு வரவில்லை, அழுகைதான் வந்தது. தோட்டத்தில் காயெடுக்கிற மொக்கம்மாள் பக்கத்தில் வந்து, "காலைல ஏறையில ஒரு வளைவுல சொவத்தை ஒரசிருச்சு தாயி. மாடு நின்னுச்சு, ஒதுக்கினேன்னாரு. அங்ஙன மாடே இல்ல" என்றாள். பன்னிரண்டு பெண்கள் அந்த ஜீப்பில் ஏறியிருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு ஜீப் ஓட்டும் சின்ராசு தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் ஜீப்பை ஓட்டி எல்லோரையும் இறக்கிக் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மதுரையில் டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். விழித்திரை வெந்திருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. மாதக்கணக்கில் தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் எனக்கு ஒரே கேள்விதான், புள்ளி எப்படி இருக்கு என்று. "சின்னதாயிருச்சு" என்பார். அடுத்த வாரம், "இன்னும் சின்னது" என்பார். சூரியனில் இருக்கிற புள்ளியை உலகத்தில் யாரும் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லலாம். இதற்கு அவர் வாய் ஒன்றுதான் சாட்சி. அந்த வாயோ வண்டி எடுக்கத் துடிக்கிற வாய்.

காயெடுப்பு மும்முரமானது. ஒரு விடியலில் மொக்கம்மாளும் மற்ற பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். இவர்தான் வரச்சொல்லியிருக்கிறார். சவரம் செய்து, சட்டை மாற்றி, தயாராய் நின்றார்.

"சுத்தமாப் போயிருச்சு அனு. சத்தியமா. சாவியைக் கொண்டா, வெரசா."

விளக்கடியில் போய் நின்றேன். "என் மூஞ்சியைப் பாருங்க" என்றேன்.

"பார்க்கத்தானே செய்றேன்" என்று சிரித்தார். "ராசாத்தி மாதிரி இருக்கே."

அவர் பார்வை என் இடது காதில் இருந்தது. மெல்லத் தலையைச் சாய்த்தேன். பார்வையும் நகர்ந்து வந்து மறுபடி காதிலேயே நின்றது. இனி இந்த மனிதர் என் முகத்தை நேராகப் பார்க்கவே போவதில்லையோ என்று நினைத்தேன். சிரிப்பு மாறாமல் அவர் கையை நீட்டியபடியே நின்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு ஜீப்பைப் பார்க்கும்படி பெண்களிடம் சொல்ல வாசலுக்குப் போனேன்.